மகளின் நஞ்சுக்கொடியும் டொக்டரம்மாவும்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனுக்கு ஒரு வயது முடிந்தது. என் வீட்டில்தான் கேக் வெட்டினோம். முதல் துண்டை மகள் ஜெயந்தி கரண்டியில் எடுத்து, பிள்ளைக்குத் தீத்தச் சொல்லி நீட்டினாள். பிள்ளையின் தகப்பன் பீட்டர் பக்கத்தில் நின்றான். நானும் நின்றேன். கரண்டி போனது டொக்டர் ஹெலனின் கைக்கு.

டொக்டர் ஹெலன் என் கதிரையில் இருந்தார். அது என் கதிரை என்று அவருக்குத் தெரியாது. இருக்கச் சொன்னது மகள். நான் குசினி வாசலில் நின்று, பேரன் அவர் கையால் கேக் தின்பதைப் பார்த்தேன். பிள்ளை வாயைத் திறந்து திறந்து கேட்டான்.

எனக்குப் பொறாமை. முதலில் கவலை என்று எழுதினேன். அது சரியில்லை என்று வெட்டிவிட்டு இதை எழுதுகிறேன். திருகோணமலைப் பக்கம் கப்பல்துறையிலும் சீனக்குடாவிலும் இருக்கும் என் ஆட்கள் இதை வாசித்து, இவன் அங்கே போய் வெள்ளைக்கார டொக்டரோடு போட்டி போடுகிறான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர் எத்தனை பட்டம் வாங்கினவர் என்று எனக்குத் தெரியாது. போட்டி என்று வைத்தால் தொடங்க முதலே முடிந்துவிடும். ஆனால் பொறாமைக்குப் படிப்புத் தேவையில்லை.

2

நான் இங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அற்றென்டனாக இருக்கிறேன். கட்டில் தள்ளுவது, துணி மூட்டை இறக்குவது, காஸ் சிலிண்டர் மாற்றுவது. இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. சில தாய்மார் பிள்ளை பெற்றபின் நஞ்சுக்கொடியை ஆராய்ச்சிக்குத் தருகிறோம் என்று சம்மதித்திருப்பார்கள். அதை ஐஸ் போட்ட வெள்ளை வாளியில் வைத்து, பெயர் ஒட்டி, பிரசவ அறைத் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், என்னிடம் தருவார். முற்றத்தைக் கடந்து எதிர்க் கட்டடத்தின் மேல்மாடிக்கு நான் கொண்டுபோக வேண்டும். ஐஸ் கரைய முதல் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் டொக்டர் ஹெலனின் ஆய்வுகூடம். அங்கேதான் என் மகளுக்கும் வேலை.

அந்த வேலைக்கு அவளைப் போகச் சொன்னவனே நான்தான். உதவியாள் வேண்டுமாம் என்று பேச்சு அடிபட்டது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பஸ், மத்தியானம் ஒன்றாக இருந்து சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் கிழமை அப்படித்தான் நடந்தது. பிறகு அவள் மேலேயே சாப்பிடத் தொடங்கினாள்.

“ஏன் பிள்ளை, கீழ வாறேல்லை?”

“டொக்டர் தனியச் சாப்பிடுறவ அப்பா. பாணும் வெண்ணெயும்தான். பாக்கப் பாவமாயிருக்கு.”

இன்னொரு நாள் சொன்னாள்: “உங்கட சொதி அவவுக்கு நல்ல விருப்பம்.”

காலையில் எழும்பித் தேங்காய்த் தூள் கரைத்துச் சொதி வைக்கிறவன் நான். அதில் பாதி மேல்மாடிக்குப் போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த நாள் பச்சைமிளகாயைக் கூட்டிப் போட்டேன். அதுவும் அவருக்குப் பிடித்துவிட்டது.

ஜெயந்தி என்று நான் வைத்த பெயரை அவர் ஜெய் என்று ஆக்கினார். ரெலிபோனில் அவளும் அப்படித்தான் தன் பெயரைச் சொல்கிறாள்.

அந்த வாளிகளை வைத்து மேலே என்ன செய்கிறார்கள் என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“நாங்கள் வந்து இறங்கேக்க எயார்போட்டில ஒருத்தன் மறிச்சுக் கேள்வி கேட்டவன் எல்லே? உடம்புக்குள்ளயும் அப்பிடிக் காவல் நிக்கிற ஆட்கள் இருக்கினம். வெளியாள் வந்தா மறிப்பினம். பிள்ளையில பாதி தகப்பன்ர பங்கு. தாயின்ர உடம்புக்கு அது வெளியாள். மறிக்க வேணும். ஆனா பத்து மாசமும் மறிக்கிறேல்லை. ஏன் எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. புற்றுநோயையும் அப்பிடித்தான் மறிக்காம விடுது. இரண்டும் ஒரே களவுப் பாஸ்போட்டிலதான் வருதோ எண்டு டொக்டர் தேடுறா.”

“அப்ப பிள்ளையும் கள்ளனோ?”

“கள்ளன்தான். நானும் அப்பிடித்தான் வந்தனான்.”

நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். சில புற்றுக்கட்டிகளில் நஞ்சுக்கொடியில் உள்ள அடையாளமே இருக்கிறதாம். நஞ்சுக்கொடியில் இருந்து எடுத்ததை முயலுக்கு ஊசியாகப் போட்டால், முயலின் இரத்தத்தில் அதை எதிர்க்கும் பொருள் உண்டாகும். ஊரில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் தங்கையின் மகன் அதற்குப் பிறபொருளெதிரி என்று பெயர் எழுதி அனுப்பினான். அந்த எதிரி போய் ஒட்டுவதை வைத்து, ஒரு துளி இரத்தத்திலேயே உடம்பில் கட்டி இருக்கிறதா, மருந்துக்கு அது குறைகிறதா என்று பார்க்கலாமாம். அப்படிப் பார்த்துச் சுகமாகிப் போகிற பெண்களும் எங்கள் ஆஸ்பத்திரியில் உண்டு. அவர்களைச் சக்கர நாற்காலியில் வாசல் வரை தள்ளிவருகிறவன் நான். வாசலில் புருஷன்மார் காரோடு நிற்பார்கள்.

3

ஜெயந்தி பிறந்தது கப்பல்துறையில், கண்டி றோட்டுக்கு உட்பக்கமாக எங்கள் வீட்டில். எனக்கு அப்போது துறைமுகத்தில் வேலை. வெள்ளைக்காரக் கடற்படை போகப் போகிறது என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்த காலம். மருத்துவிச்சி கிண்ணியாவைச் சேர்ந்த உம்மா ஒருவர். அந்தப் பக்கத்தில் தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்றில்லை, எல்லா வீட்டுக்கும் அவர்தான்.

பிள்ளை அழுத சத்தம் கேட்டு நான் வாசலில் நின்றேன். உம்மா பிள்ளையைக் காட்ட முதல் ஒரு சுளகைக் கொண்டுவந்தார். அதில் நஞ்சுக்கொடி இருந்தது. இரண்டு கையாலும் அதை விரித்துப் புரட்டிப் பார்த்தார்.

“முழுசா வந்திருக்கு மனே. ஒரு துண்டும் உள்ளுக்க நிக்கல்ல. பொஞ்சாதிக்கு ஒண்டும் வராது. மண்வெட்டிய எடுங்க.”

நான் கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டினேன். போதும் என்று நிமிர்ந்தபோது உம்மா எட்டிப் பார்த்து, “இதென்ன, கத்தரிக்காய் நடவா?” என்றார். இடுப்பளவு வெட்டிய பிறகுதான் நஞ்சுக்கொடி வைத்த மண்முட்டியைத் தந்தார். நாய் தோண்டக்கூடாது. அது தகப்பன் செய்கிற வேலை. பிள்ளை பெறுவதில் எங்களுக்கு வேறு வேலை ஏது?

அதற்குப் பிறகு என் மனைவி பரிமளம் இன்னொரு முறை கர்ப்பமானாள். மூன்றாம் மாதம் இரத்தம் போனது. அதே உம்மா வந்தார். அந்த முறை சுளகு வெளியே வரவில்லை. நான் மண்வெட்டியோடு நின்றேன்.

“இதுக்குக் குழி வேணாம் மனே. புள்ளையே இல்ல. முந்திரிக்குலை மாதிரி என்னவோ வந்திருக்கு.”

எங்கள் பக்கத்தில் முந்திரி என்றால் திராட்சை. சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் குடாவில் விட்டுவிட்டார். சில மாதம் போனதும் பரிமளத்துக்கு இருமல் வந்தது. இருமலில் இரத்தம் வந்தது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள், பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். அந்த வருடத்து மழைக்கு முதல் அவள் போய்விட்டாள். ஜெயந்திக்கு அப்போது தாயின் முகம் மனதில் நிற்கிற வயதில்லை.

புதைக்க வேண்டியதைப் புதைக்காமல் விட்டபடியால்தான் இது வந்தது என்று நான் நம்பினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. மண்வெட்டி என் கையில் இருந்தது, உம்மாவிடம் மறுத்துக் கதைக்க எனக்கு வாய் வரவில்லை.

கடற்படை போனபின் துறைமுகத்தில் வேலை குறைந்தது. நான் கப்பலில் சமையலுக்கு ஏறி இந்த நாட்டில் இறங்கினேன். பிறகு ஊருக்குப் போய் மகளைக் கூட்டிவந்தேன். எயார்போட்டில் தாய் எங்கே என்று கேட்டார்கள். மரணப் பத்திரத்தை நீட்டினேன். அது தமிழில் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. சிங்களத்தில் இருந்தது. மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் அவளிடமே குனிந்து, உன் அம்மா எங்கே என்று கேட்டான். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டினாள். அவனும் சிரித்துவிட்டு முத்திரை குத்தினான்.

அந்த நாளை நினைத்துத்தான் நான் கனகாலம் இங்கே குளிரைத் தாங்கினேன். பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்கு முன்னால் என் இங்கிலீஷை அவள் திருத்தியபோதும், பிறகு தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லத் தொடங்கியபோதும், பீட்டரைக் கூட்டிவந்து நிறுத்தியபோதும் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தாய் எங்கே என்று கேட்டால் என்னைக் காட்டின பிள்ளை என்று இருந்தேன்.

4

ஒருநாள் வாளியோடு மேல்மாடியில் நிற்கும்போது டொக்டர் ஹெலன் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார்.

“வாழ்த்துக்கள். பேரப்பிள்ளை வரப்போகிறதே. ஜெய் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் பாருங்கள்.”

எனக்கு அது புதுச் செய்தி. தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். தாங்க் யூ என்றேன். படியால் இறங்கி வரும்போது வெறுங்கை பாரமாக இருந்தது.

பீட்டரோடு தனிவீட்டில் இருந்த மகள் வெள்ளிக்கிழமைதான் என் வீட்டுக்கு வந்தாள்.

“அப்பா, ஒரு விசயம். நீங்கள் அம்மப்பா ஆகப் போறியள்.”

“அப்பிடியோ.”

“என்ன அப்பிடியோ? சந்தோசமில்லையோ?”

“சந்தோசம்தான். டொக்டரம்மாவுக்கும் சந்தோசமாம். கையைப் பிடிச்சுச் சொன்னவ.”

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். “ஐயோ, அவ சொல்லிப்போட்டாவோ? வேலை செய்யேக்க எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வந்தது அப்பா. பக்கத்தில நிண்டவ. ஒளிக்க ஏலாது.”

“நானும் அங்கதான் நிக்கிறன். முற்றத்துக்கு இந்தப் பக்கம்.”

நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

வயிறு தெரியத் தொடங்கிய பிறகு, என் வீட்டுப் பின்வளவில், வேலி ஓரமாக ஒரு குழி வெட்டினேன். இங்கத்தைய மண் பனிக்காலத்தில் இறுகிவிடும், முன்கூட்டியே வெட்ட வேண்டும். வெட்டி, பலகையால் மூடி வைத்தேன். அவள் வந்தபோது காட்டினேன்.

“இதென்ன அப்பா?”

“நஞ்சுக்கொடி புதைக்க. உனக்கும் வெட்டினனான்.”

அவள் பலகையைக் காலால் தட்டிப் பார்த்தாள். “நான் டொக்டருக்குத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“எல்லாம் அவவுக்கே? சொதி, மத்தியானச் சாப்பாடு, பிள்ளை வந்த செய்தி, இப்ப இதும் அவவுக்கு.”

“என்ன கதை கதைக்கிறியள்?”

“முழுசாப் புதைக்க வேணும். கொம்மாவுக்குப் புதைக்கேல்லை. குடாவில விட்டது. அதுக்குப் பிறகுதான் அவ இருமினவ.”

அவ்வளவு வருடம் வாய்க்குள் கிடந்தது அப்படி வேலி ஓரத்தில் வெளியே வந்தது. நான் நினைத்ததைவிட மெதுவாகத்தான் சொன்னேன். அவள் பலகையின் மேலேயே இருந்தாள்.

“அப்பா, முந்திரிக்குலை மாதிரி வந்தது எண்டு நீங்கள் முந்தி எனக்குச் சொன்னனீங்கள். நினைவிருக்கோ? அதை நான் டொக்டருக்குச் சொன்னனான். வேலைக்குச் சேந்த முதல் வருசம். அவ கேட்டிட்டு, இருமலில ரத்தம் வந்ததோ எண்டு கேட்டவ. நான் சொல்லாமலே கேட்டவ அப்பா. அது நஞ்சுக்கொடியில பிடிக்கிற புற்று. வயித்தில தொடங்கி நுரையீரலுக்குப் போகும். புதைச்சிருந்தாலும் போயிருக்கும். உள்ளுக்கு மிஞ்சினதுதான் ஓடினது.”

“இப்ப அதுக்கு மருந்திருக்கோ?”

அவள் பலகையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “அப்பவும் இருந்தது. இங்க இருந்தது. எங்களுக்குத் தெரியாது.”

காரோடு வாசலில் நின்ற புருஷன்மார் எல்லாரும் அப்போது என் கண்ணில் வந்தார்கள். அவர்களில் ஒருவன் மனைவியின் மடியில் பூச்செண்டை வைத்துவிட்டு, கார்க் கதவைச் சாத்த மறந்து காரை எடுக்கப் பார்த்தான். நான்தான் கூப்பிட்டுச் சாத்தினேன். அவன்மேல் எனக்கு வந்த பொறாமையை என்ன அளவில் சொல்வது?

அதற்கு மேல் இன்னொன்று. பரிமளம் எதனால் போனாள் என்று, அவளைக் காணாத ஒரு பெண் சொல்லிவிட்டார். அதை என் மகள் எனக்குச் சொல்லாமல் வருடக்கணக்காக அவரோடு சேர்ந்து வைத்திருந்திருக்கிறாள்.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு.”

“அவ சொன்னவவோ, சொல்லவேண்டாம் எண்டு?”

“இல்லை. சொல்லச் சொன்னவ. நான்தான் சொல்லேல்லை.”

நான் குசினிக்குள் போய்விட்டேன். அவர் சொல்ல வேண்டாம் என்று தடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

5

அவள் பிள்ளை பெற்ற நாள் எனக்கு வேலை. பீட்டர் கூட்டிவந்து உள்ளே விட்டதை அறிந்தேன். நான் துணி மூட்டை இறக்கினேன், காஸ் மாற்றினேன், ஒவ்வொரு முறையும் அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு போனேன். பிரசவ அறை மிஸ்ஸி புதியவர். மகளின் பெயருக்குப் பின்னால் இப்போது பீட்டரின் குடும்பப் பெயர் இருக்கிறது. அவள் எனக்கு யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்து வழக்கம்போல வாளியை நீட்டினார்.

“ஐஸ் கொஞ்சம் குறைவு, கெதியாகப் போங்கள்” என்றார்.

ஒட்டியிருந்த பெயரை வாசித்தேன். பிள்ளை பிறந்துவிட்டது என்று எனக்குத் தெரியவந்தது அப்படித்தான். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

முற்றத்தின் நடுவில் நின்றேன். இடது பக்கம் ஆய்வுகூடப் படி. நேரே வெளிவாசல், அங்கே என் வீட்டுக்குப் போகிற பஸ். வேலி ஓரத்தில் குழி தயாராக இருக்கிறது. என் மகள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டவன்தான். புதைக்காததால் ஒருவரும் சாவதில்லை. ஆனால் விளங்கினது மண்டையில். வாளியைப் பிடித்திருந்தது கை.

மூடியைத் திறந்து பார்ப்பது எங்கள் வேலையில் கூடாத காரியம். எத்தனையோ வருடமாக நான் திறந்ததில்லை. அன்று சுவரோரம் குந்தி, திறந்தேன். உம்மா செய்ததுபோல இரண்டு கையாலும் விரித்தேன். ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டினேன். புரட்டினேன். ஒரு துண்டும் குறையவில்லை. குலை போல ஒன்றும் இல்லை. முழுசா வந்திருக்கு மனே என்ற குரலை நான் அந்த முற்றத்தில் கேட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கேட்கவில்லை. நானே வாய்விட்டுச் சொன்னேன்.

மூடிவிட்டு எழும்பி, இடது பக்கம் திரும்பினேன். மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

டொக்டர் ஹெலன் பெயரைப் பார்த்தார். என் ஈரக் கைகளைப் பார்த்தார். வாளியை வாங்கவில்லை.

“உங்கள் தோட்டத்தில் குழி வெட்டியிருக்கிறீர்களாம். ஜெய் சொன்னாள். இதை நீங்கள் கொண்டுபோவதானால் கொண்டுபோங்கள். அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.”

குழியும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் பிள்ளையின் பிள்ளையினுடையதை எனக்குத் தர அவர் யார் என்று ஒரு கோபம் வந்தது. அவர் தந்து நான் வாங்கினால் காலம் முழுக்க அவர் தந்ததாகவே இருக்கும். ஊரில் இருந்து வந்த நாள் தொட்டு நான் இங்கே ஒருவரிடமும் பேசாத மாதிரி, நிமிர்ந்து நின்று சொன்னேன்.

“உங்களுக்கு வேண்டியதை எடுங்கள். மிச்சத்தை எனக்குத் தாருங்கள்.”

அவர் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டார். நான் முதல் தடவையாக அந்த அறைக்குள் இருந்தேன். மகளின் வெள்ளை அங்கி ஆணியில் தொங்கியது. அவர் கழுவி, நடுவில் உள்ளங்கை அளவு வெட்டி எடுத்தார். அவசரப்படவில்லை. மிச்சத்தைத் திரும்ப வாளியில் வைத்து, புது ஐஸ் போட்டு, இரண்டு கையாலும் தந்தார்.

“இத்தனை வருடத்தில் ஒருவரும் இதைத் திருப்பிக் கேட்டதில்லை” என்றார். பிறகு, “பையன்” என்றார்.

அதையும் அவர்தான் சொன்னார்.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு, வாளியோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி மூடியைப் பார்த்து, மீனா என்று கேட்டார். ஓம் என்றேன். வீட்டில் இடுப்பளவு குழியில் வைத்து மூடி, மேலே ஒரு தட்டைக் கல்லைப் போட்டேன். அடுத்த வீட்டில் நாய் உண்டு. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு மகளுக்கு அந்தக் கல்லைக் காட்டினேன். பீட்டருக்குக்கூடக் காட்டவில்லை.

6

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கேக் முடிந்ததும் டொக்டர் ஹெலன் என் கதிரையில் இருந்து எழும்பி என்னிடம் வந்தார். அவருக்கு வயது போய்விட்டது. அடுத்த வருடத்தோடு ஓய்வாம். சொந்தப் பிள்ளைகள் இல்லை என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவர் தேடினதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லையாம். தாய் பிள்ளையை ஏன் வைத்திருக்கிறாள் என்பது இன்னும் வடிவாகத் தெரியாதாம்.

“அந்த இடத்தை நான் பார்க்கலாமா?” என்று கேட்டார்.

பின்கதவைத் திறந்தேன். பின்வளவுக்கு இறங்கினோம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளும் பின்னால் வந்தாள். நான் நேரே நடந்து, கொட்டிலின் பக்கமாகப் போய், உருளைக்கிழங்கு கிண்டிய இடத்தைக் காட்டினேன்.

“இங்கேதான்.”

அவர் கஷ்டப்பட்டுக் குனிந்தார். உள்ளங்கையை அந்த மண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் திருத்திச் சொல்லவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தேன். அவள் வேலி ஓரத்தில் நின்றாள். அவளுடைய காலடியில்தான் அந்தத் தட்டைக் கல். அவள் கல்லைப் பார்த்தாள். குனிந்திருந்த டொக்டரம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இவள் இவருக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இந்த உலகத்தில் உண்டா என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். பிறகு, டொக்டர் ஹெலனுக்கு விளங்காத தமிழில் சொன்னாள்:

“அப்பா, தேத்தண்ணி ஆறுது. அவவையும் கூட்டிக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ.”